கழுத்துக்குக் கீழே: அம்மைக் கதையும் அதைச் சுமந்த உடல்களும்



யார் நினைவில் இங்கே கூடியிருக்கிறோமோ அவர் புகழுரையை விரும்பாதவர். ஆகவே அதைத் தவிர்த்துவிட்டு நேரே பொருளுக்கு வருகிறோம். ஒரு கதை வாய்மொழியிலிருந்து ஏட்டுக்கும், ஏட்டிலிருந்து மேடைக்கும், மேடையிலிருந்து ஓவியத்துக்கும், சில சமயம் மருத்துவரின் பைக்குள்ளும் போகிறது. போகும் வழியில் எதைச் சேர்த்துக்கொள்கிறது, எதைக் கழற்றிப் போடுகிறது என்பதுதான் இன்றைய பேச்சு. எல்லாக் கதைகளையும் பேச நேரம் இல்லை. நாம் அனைவரும் குழந்தையிலிருந்து கேட்ட ஒரு கதையை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். மாரியம்மன் கதை.

வேலூர் மாவட்டம் குடியாத்தத்தில் ஆண்டுதோறும் வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா நடக்கிறது. பல லட்சம் பேர் கூடுகிற விழா. அம்மனின் தலை மட்டும் ஊர்வலமாக வரும். தேங்காய் உடைபடும், பூமாலை விழும். கோயிலுக்கு வந்ததும் அந்தத் தலை ஒரு உடலில் பொருத்தப்படும். மறுநாள் நாளிதழில் செய்தி வரும். தலைக்குக் கெங்கையம்மன் என்று பெயர் போட்டிருப்பார்கள். உடலுக்கு என்ன பெயர் போட்டிருப்பார்கள் என்று வட ஆற்காட்டுக்காரர்களுக்குத் தெரியும். ‘சண்டாளச்சி உடல்’ என்று போட்டிருப்பார்கள். வசைச் சொல் என்ற உறுத்தல் எதுவும் இல்லாமல், விழா நிகழ்ச்சி நிரலில் ஒரு வரியாக அது அச்சாகிறது. இரவில் தலை மறுபடியும் எடுக்கப்பட்டு ஊர்வலமாகப் போய்விடும்.

அந்த உடல் யாருடையது என்ற கேள்வியிலிருந்து தொடங்குகிறோம்.

மகாபாரதத்தில் ரேணுகையின் கதை உண்டு. ஜமதக்கினி முனிவரின் மனைவி. ஆற்றுக்குப் போன இடத்தில் மனம் ஒரு கணம் தடுமாறியது என்பதற்காகக் கணவன் அவள் தலையை வெட்டச் சொல்கிறான். மற்ற பிள்ளைகள் மறுக்கிறார்கள், பரசுராமன் வெட்டுகிறான். பிறகு வரம் கேட்டு அவளை உயிர்ப்பிக்கிறான். அவ்வளவுதான். அங்கே இரண்டாவது பெண் இல்லை. தலை மாறவும் இல்லை.

இரண்டாவது பெண் நம் மண்ணில்தான் கதைக்குள் வருகிறாள். வட தமிழகத்துச் சேரிகளில் சொல்லப்படும் கதை இது. மகன் கோடாரியோடு துரத்துகிறான். ரேணுகை ஊர்த்தெருவில் ஓடுகிறாள். ஒரு கதவும் திறக்கவில்லை. சேரிக்குள் ஓடிவருகிறாள். அங்கே ஒரு பெண் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, வெட்டாதே என்று தடுக்கிறாள். அவன் ஓங்கிய ஓங்கில் இரண்டு தலையும் விழுகிறது. உயிர்ப்பிக்கும்போது தலைகள் மாறிவிடுகின்றன. பார்ப்பனத் தலையும் சேரி உடலும் சேர்ந்தவள் மாரியம்மன். சேரித் தலையும் பார்ப்பன உடலும் சேர்ந்தவள் எல்லையம்மன். அவள் ஊர் எல்லையில் நிறுத்தப்பட்டாள். அந்தப் பெண் பறைச்சி என்று சில இடங்களில் சொல்வார்கள், அருந்ததியர் பெண் என்று சில இடங்களில் சொல்வார்கள். யாராக இருந்தாலும் அவள் செய்தது ஒன்றுதான். துரத்தப்பட்டு வந்தவளை அணைத்துக்கொண்டாள். அதற்காக வெட்டுப்பட்டாள்.

இதே கதை மருந்தாகவும் புழங்கியிருக்கிறது. அம்மன் கோயில்களில் சொல்லப்படும் இன்னொரு வடிவத்தில், ரேணுகை தீயில் இறங்குகிறாள். மழை வந்து தீயை அணைத்துவிடுகிறது. உடம்பெல்லாம் கொப்புளம். வேப்பிலையைக் கட்டிக்கொண்டு சேரிக்கு வந்து பசிக்கிறது என்கிறாள். அவர்கள் பச்சரிசி மாவும் வெல்லமும் இளநீரும் கொடுக்கிறார்கள். கவனித்துப் பாருங்கள். அம்மை கண்ட வீட்டில் நம் பாட்டிகள் கடைப்பிடித்த பத்தியம் முழுக்க இதற்குள் இருக்கிறது. வேப்பிலையில் படுக்கவை, குளிர்ந்த ஆகாரம் கொடு, எண்ணெய்ச் சட்டி வைக்காதே. நோய் என்றுகூடச் சொல்லமாட்டார்கள். ‘அம்மா வந்திருக்கிறாள்’, ‘முத்துப் போட்டிருக்கிறாள்’ என்பார்கள். இறங்கினால் தலைக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள். பெரிய எழுத்துப் புத்தகமாகச் சந்தையில் விற்ற மாரியம்மன் தாலாட்டை நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்து படிப்பார்கள். எழுத்து தெரியாத நோயாளிக்கும் அது பக்கத்துணை. தனியே கிடக்கிற உடம்புக்கு ஒரு மனிதக் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது.

இதில் நாம் மயங்கத் தேவையில்லை. வேப்பிலை பெரியம்மையைத் தடுக்கவில்லை. பெரியம்மை கண்டவர்களில் ஏறக்குறைய பத்துக்கு மூன்று பேர் செத்தார்கள். பிழைத்தவர்களில் பலர் கண்ணை இழந்தார்கள். அதை ஒழித்தது தடுப்பூசி. 1980 மே மாதம் உலக சுகாதார அமைப்பு பெரியம்மை உலகிலிருந்தே ஒழிந்தது என்று அறிவித்தது. பத்தியக் கதை செய்தது வேறு வேலை. நோயாளியை யாரும் வெறுக்காமல், தாயாக நினைத்துப் பார்த்துக்கொள்ள வைத்தது. அந்தப் பத்தியத்தை அவளுக்கு முதலில் கொடுத்தவர்கள் சேரிக்காரர்கள் என்று கதையே சொல்கிறது. மருத்துவச்சியாக, பிள்ளைப்பேறு பார்ப்பவளாக நம் பெண்கள் செய்த வேலையின் நினைவு அந்த ஒரு கைப்பிடி மாவில் ஒட்டியிருக்கிறது என்றே நாம் படிக்கிறோம்.

இனி இந்தக் கதை கப்பல் ஏறிய விதத்தைப் பார்ப்போம்.

சொன்னேரா என்ற பிரெஞ்சு இயற்கை ஆய்வாளர் இந்தியாவில் சுற்றிவிட்டு 1782-ல் பாரிசில் ஒரு பயண நூலை வெளியிட்டார். அதில் மாரியம்மன் கதை இருக்கிறது. யார் அவருக்குச் சொன்னார்கள் என்று தெரியாது. ஆனால் சொன்னவரின் சாதியை ஊகிக்க முடிகிறது. அந்த வடிவத்தில் சேரிப் பெண் யாரையும் அணைத்துக்கொள்ளவில்லை. அவள் குற்றம் செய்து மரண தண்டனை பெற்றவள். வெட்டுண்டு கிடந்த அவள் உடலில் தவறுதலாகத் தலை ஒட்டப்படுகிறது. தெய்வத்தின் நற்குணங்கள் தலையிலிருந்தும், தீக்குணங்கள் உடலிலிருந்தும் வந்தன என்று விளக்கம் வேறு. அடைக்கலம் கொடுத்தவள் குற்றவாளி ஆகிவிட்டாள். ஒரு சிறு திருத்தம். கதையின் நடை, நிகழ்ச்சி, முடிவு எதுவும் மாறவில்லை. ஒரே ஒருத்தியின் செயல் மட்டும் மாறியது.

இந்த நூல் ஜெர்மன் மொழிக்குப் போனது. ஜெர்மானியக் கவிஞர் கதே இந்தக் கருவை நாற்பது ஆண்டுக்கு மேல் மனதில் வைத்திருந்து, 1824-ல் ‘பறையன்’ என்ற தலைப்பில் மூன்று கவிதைகளின் தொகுப்பாக வெளியிட்டார். கதேயின் நோக்கத்தை நாம் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஒதுக்கப்பட்டவர்களின் குரலைக் கடவுளிடம் எடுத்துச்சொல்ல ஒரு தெய்வம் வேண்டும் என்று அவர் எழுதினார். அப்படி ஒரு தலைப்பில் எழுதத் தமிழ்க் கவிஞர் எத்தனை பேர் அன்றைக்கு முன்வந்தார்கள்? ஆனாலும் அவர் கையில் கிடைத்தது சொன்னேராவின் வடிவம். ஆகவே அங்கேயும் உடல் குற்றவாளியின் உடல்தான். அறிவு மேலிருந்து, வெறி கீழிருந்து. அதே காலத்தில் ஐரோப்பிய மேடைகளில் ‘பறையன்’ பரவலான பாத்திரம். 1821-ல் பாரிசில் டெலவீன் நாடகம், 1823-ல் பெர்லினில் மிக்கேல் பேர் நாடகம், 1829-ல் நேப்பிள்சில் டோனிசெட்டியின் இசை நாடகம். மிக்கேல் பேர் யூதர். தன் மக்கள் பட்ட ஒதுக்கலைச் சொல்ல நம் பெயரை எடுத்துக்கொண்டார். அந்த ஒருவருக்கு நாம் கடன் கொடுத்ததாகவே வைத்துக்கொள்ளலாம். மற்றவர்களுக்கு அது ஒரு வேடம்.

தலை மாறும் கதைக்கு வேதாளக் கதை மரபில் வேறொரு கிளை உண்டு. இரண்டு ஆண்களின் தலை மாறுகிறது, யார் கணவன் என்று வேதாளம் கேட்கிறது, தலைதான் பிரதானம் என்று அரசன் தீர்ப்புச் சொல்கிறான். தாமஸ் மான் 1940-ல் அதை நெடுங்கதையாக எழுதினார். கிரீஷ் கர்னாட் 1971-ல் ‘ஹயவதனா’ நாடகம் ஆக்கினார். கர்னாட் ஒரு நல்ல காரியம் செய்தார். உடலுக்கும் நினைவு உண்டு என்று காட்டினார். இருந்தாலும் அந்த நாடகத்திலும் கடைசியில் பார்ப்பனத் தலை தன் புது உடலைத் தனக்கேற்ப மெலிய வைத்துவிடுகிறது. கொல்லர் மகனின் உழைத்த உடம்பு உருத்தெரியாமல் போகிறது.

இதுவரை சொன்னது எழுத்தும் மேடையும். மருத்துவத்துக்கு வருகிறோம். அங்கே உடல் என்பது உருவகம் இல்லை, தோலும் சீழும்தான்.

இங்கிலாந்தில் ஜென்னர் 1796-ல் பசுவம்மைக் கொப்புளத்து நீரைக் குழந்தையின் கையில் கீறி ஏற்றிப் பெரியம்மையைத் தடுக்கலாம் என்று காட்டினார். அதை வெப்ப நாடுகளுக்குக் கொண்டுபோவது எப்படி? குப்பியில் கொண்டுபோனால் வழியிலேயே வீரியம் போய்விடும். மனித உடம்புதான் குப்பி. ஒருவர் கையில் குத்தி, எட்டாம் நாள் வாக்கில் கொப்புளம் பழுத்ததும் அதிலிருந்து நீர் எடுத்து அடுத்தவர் கையில் குத்த வேண்டும். இப்படிக் கைக்குக் கை சங்கிலி அறாமல் போக வேண்டும். 1803-ல் ஸ்பெயினிலிருந்து அமெரிக்கக் குடியேற்றங்களுக்கு அம்மைப்பாலைக் கொண்டுபோன கப்பலில் 22 அனாதைச் சிறுவர்கள் குப்பிகளாக ஏற்றப்பட்டார்கள். இந்தியாவில் 1802 ஜூன் 14 அன்று பம்பாயில் மூன்று வயதுக் குழந்தை ஒருத்திக்கு முதல் ஊசி பலித்தது. வேலைக்காரக் குடும்பத்துக் குழந்தை. பெயர் ஆனா டஸ்டால். அவள் கையிலிருந்து எடுத்த நீர்தான் மற்றக் குழந்தைகளுக்கும், அவர்கள் வழியாகச் சென்னை உள்ளிட்ட ஊர்களுக்கும் போனது. அவள் பெயராவது பதிவேட்டில் இருக்கிறது. அடுத்தடுத்த கைகளுக்குப் பெயர் இல்லை. ஏழைப் பிள்ளைகள், கூலிக்கு அழைத்துவரப்பட்ட பிள்ளைகள், ‘தாழ்ந்த’ சாதிப் பிள்ளைகள் என்று பொதுவாகச் சொல்லிவிட்டுக் கடந்துபோகிறார்கள்.

பல சாதி இந்துக்கள் ஊசியை மறுத்தார்கள். அம்மனுக்குக் கோபம் வரும் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணத்தை வெள்ளைக்கார மருத்துவர்களே எழுதிவைத்தார்கள். சேரிப் பிள்ளையின் கையிலிருந்து வருகிற நீரைத் தன் பிள்ளையின் இரத்தத்தில் ஏற்றுவது எப்படி? தொட்டால் தீட்டு என்பவர்களுக்கு இது தொடுவதைவிடப் பெரிய விஷயம். பின்னாளில் கன்றுக்குட்டியின் உடலில் அம்மைப்பால் தயாரிக்கும் முறை வந்தது. நமக்குத் தெரிந்த கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் 1899-ல் அந்த வேலைக்காகத்தான் தொடங்கப்பட்டது. கன்றிலிருந்து எடுத்தால் சுத்தம் கூடுதல், மேக நோய் போன்றவை பரவாது என்பது மருத்துவக் காரணம், அது சரியும்கூட. ஆனால் கன்றின் கையைப் பிடிப்பதில் யாருக்கும் சாதிச் சங்கடம் இருக்கவில்லை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

எதிர்ப்பைக் கடக்க அரசு கதையைத் தேடியது. சென்னைக் கலெக்டராக இருந்த எல்லிஸ், திருக்குறளுக்கு உரை எழுதிய அதே எல்லிஸ், பசுவம்மை ஊசியைப் பற்றிச் சமஸ்கிருதத்தில் ஒரு செய்யுள் இயற்றினார் என்றும், பழைய நூல் போலத் தோன்றும்படி அதைப் பழைய தாளில் எழுதி உலவவிட்டார்கள் என்றும் அக்காலத்து ஆங்கிலேயரின் குறிப்பு உண்டு. பிராமணர்களை நம்பவைப்பதே நோக்கம். 1819 ஜனவரியில் ‘மெட்ராஸ் கூரியர்’ பத்திரிகையில், தன்வந்திரி எழுதியதாகச் சொல்லப்பட்ட ‘சாக்தேய கிரந்தம்’ என்ற நூலிலிருந்து பசுவம்மைக் குத்தும் முறை பற்றிய பகுதி ஒன்று வெளிவந்தது. அப்படி ஒரு பழைய நூலே இல்லை. நல்ல நோக்கத்தோடு சொன்ன பொய். ஆனால் பொய்க்கும் ஆயுள் உண்டு. ஜென்னருக்கு ஆயிரம் ஆண்டு முன்பே நம் முன்னோர் தடுப்பூசி கண்டார்கள் என்று இன்றும் மேடையில் பேசுகிறவர்கள் பலர், தெரிந்தோ தெரியாமலோ, இந்தச் சரக்கைத்தான் விற்கிறார்கள். பசுவுக்குப் புராணம் எழுதினார்கள். தன்வந்திரிக்குப் பெருமை சேர்த்தார்கள். கை நீட்டிய பிள்ளைகளைப் பற்றி ஒரு வரி எழுத யாருக்கும் தோன்றவில்லை.

ஓவியமும் வந்தது. 1805-ஐ ஒட்டி, தாமஸ் ஹிக்கி என்ற ஓவியர் மைசூர் அரண்மனைப் பெண்கள் மூவரை வரைந்தார். நெடுநாள் அவர்களை ஆடற்பெண்கள் என்று நினைத்திருந்தார்கள். அது தடுப்பூசிக்கு விளம்பரமாக வரையப்பட்டது, இளம் அரசி தேவஜம்மணி தன் சேலைத் தலைப்பை விலக்கி ஊசி போட்ட கையைக் காட்டுகிறார் என்று நைஜல் சான்செலர் என்ற ஆய்வாளர் பின்னர் வாதிட்டார். படத்தைப் பார்த்தால் அந்த வாதம் பொருத்தமாகவே படுகிறது. அரசியே போட்டுக்கொண்டார், நீங்களும் போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லும் படம். அழகான படம். அரசியின் கைக்கு வந்த நீர், அதற்கு முந்தைய எட்டாம் நாளில் யாரோ ஒருவரின் கையிலிருந்து எடுக்கப்பட்டதாகத்தான் இருக்க வேண்டும். அந்தக் கை சட்டத்துக்குள் இல்லை.

எல்லிஸ் பெயரைச் சொன்னதும் பண்டிதர் அயோத்திதாசர் நினைவுக்கு வராமல் இருக்க முடியாது. திருக்குறளும் நாலடியும் எழுதிய ஓலைகளைத் தம் பாட்டனார் கந்தப்பன், தாம் பட்லராக வேலை பார்த்த ஆரிங்டன் துரை மூலமாக எல்லிசிடம் சேர்ப்பித்தார் என்று பண்டிதர் எழுதியிருக்கிறார். சமையல்கட்டில் இருந்தவர் வீட்டில் ஓலைச்சுவடி இருந்தது. எல்லிஸ் பெயரில் நினைவுகள் பல இருக்கின்றன. கந்தப்பனை நினைவில் வைத்திருக்கப் பேரன் ஒரு பத்திரிகை தொடங்க வேண்டியிருந்தது. 1907-ல் ‘ஒரு பைசாத் தமிழன்’.

அயோத்திதாசர் தொழிலால் சித்த மருத்துவர். இராயப்பேட்டையில் வைத்தியம் பார்த்தவர். அவர் மாரியம்மன் கதையை எடுத்துக்கொண்ட விதத்தில் வைத்தியரின் கை தெரிகிறது. அவர் எழுத்தில் அம்மன் ஒரு பௌத்த பிக்குணி. வேப்பிலையின் குணம் அறிந்து அம்மை கண்டவர்களைக் காத்த பெண். மக்கள் நன்றியோடு அவளை நினைத்தார்கள், பிற்காலத்தில் வேஷப் பிராமணர் அவளைத் தம் கதைக்குள் இழுத்துப் பலி கேட்கும் தெய்வமாக்கினார்கள். வரலாற்றுச் சான்று கேட்பவர்கள் கேட்கலாம், அந்த விவாதம் இன்றைக்கு வேண்டாம். படைப்பாக இதைப் பார்த்தால், அவர் வெட்டுண்ட தலையையே கதையிலிருந்து எடுத்துவிட்டார். தடுமாறிய மனமும் இல்லை, கொலை செய்யும் மகனும் இல்லை. முழு உடம்போடு, தன் அறிவோடு ஒரு பெண் நிற்கிறாள். இந்தக் கதைக்கு இதுவரை வந்த மாற்றங்களில் மிகத் துணிவானது அதுதான் என்பது எங்கள் கருத்து.

அதற்கு ஒரு விலையும் உண்டு. தலை வெட்டு போனபோது அணைத்துக்கொண்ட பெண்ணும் போய்விட்டாள். பண்டிதர் நமக்கு அறிவுள்ள முன்னோரைத் தந்தார். ஓடிவந்தவளுக்குக் கதவு திறந்த, ஏடறியாத அந்தப் பெண்ணை நாமே மீட்க வேண்டியிருக்கிறது.

ஆந்திர, கன்னடப் பகுதிகளில் மாதிகர் மரபில் அவளுக்குப் பெயர் இருக்கிறது. மாதங்கி. தர்ஸ்டன் 1909-ல் வெளியிட்ட குலங்களும் குடிகளும் பற்றிய தொகுதிகளில் மாதங்கி ஆகும் பெண்ணின் சடங்கைச் சொல்கிறார். விழா நாளில் அவள் எல்லாச் சாதியார் நடுவிலும் ஓடுவாள், வசைபாடுவாள், அவர்கள்மேல் எச்சில் உமிழ்வாள். பிராமணர் உட்பட அனைவரும் தூய்மை என்று அதை ஏற்பார்கள். உடல் பேசுகிறது, தலையைப் பார்த்துத் துப்புகிறது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்தப் பெண்ணின் மற்ற நாட்கள் என்னவாயின? தெய்வத்துக்கு என்று நேர்ந்துவிடப்பட்ட தலித் பெண்ணின் உடலை ஊர் எப்படி எடுத்துக்கொண்டது என்பதை இமையம் 2006-ல் வெளியான ‘செடல்’ நாவலில் எழுதினார். பொட்டுக் கட்டிவிடப்பட்டுக் கூத்தாடியாகும் அந்தப் பெண்ணின் வாழ்க்கையைப் படித்தவர்கள், சடங்கில் கிடைக்கும் ஒருநாள் மரியாதையைக் கொண்டாட அவசரப்படமாட்டார்கள்.

திருவண்ணாமலை மாவட்டத்துப் படவேட்டில் ரேணுகாம்பாள் கோயில் இருக்கிறது. கருவறையில் அம்மன் சிரசு வடிவம். அதே மாவட்டத்தில் தண்டராம்பட்டை ஒட்டித் தென்முடியனூர் இருக்கிறது. அங்கே முத்துமாரியம்மன் கோயில். பல பத்தாண்டுகளாக உள்ளே விடப்படாத தலித் மக்கள், 2023 ஜனவரி 30 அன்று மாவட்ட ஆட்சியரும் நூற்றுக்கணக்கான போலீசாரும் சூழ நின்ற பிறகுதான் பொங்கல் வைத்து உள்ளே போனார்கள். சேரிப் பெண்ணின் உடலை உடைய தெய்வத்தைப் பார்க்க சேரிக்குப் போலீஸ் பாதுகாப்பு தேவைப்பட்டது. அன்று கூடையும் பானையும் சுமந்து போன பெண்களின் முகத்தைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். பயமும் இருந்தது, விடமாட்டோம் என்பதும் இருந்தது. அந்தக் கதையை இன்னும் யாரும் நாடகமாக்கவில்லை என்றால் இங்கே இருக்கும் நாடகக்காரர்கள் பொறுப்பு.

மன்றத்தின் சார்பில் ஒரு வேலையை முன்வைக்கிறோம். தலை மாறிய கதை உங்கள் ஊரில் எப்படிச் சொல்லப்படுகிறது என்று பதிவுசெய்யுங்கள். கோயில் பூசாரியிடம் கேட்க வேண்டாம், அவர் சொல்வது ஏற்கெனவே அச்சில் இருக்கிறது. சேரியில் வயதான பெண்களிடம் கேளுங்கள். மூன்று விஷயங்களைக் கட்டாயம் கேளுங்கள். அணைத்துக்கொண்ட பெண் என்ன வேலை செய்துகொண்டிருந்தாள்? அவளுக்குப் பிள்ளைகள் இருந்தார்களா? அவளை என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள்? சிலர் தெரியாது என்பார்கள். சிலர் தங்கள் பாட்டியின் பெயரைச் சொல்வார்கள். அதையும் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், ஊர்ப் பெயரோடும் தேதியோடும். அடுத்த ஆண்டு இதே நாளில் அவற்றை இங்கே வாசிப்போம். ஜெய்பீம்.